தாமான் நெகாராவில் நடக்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் குனோங் தஹான் என்றொரு மலை உண்டு. தீபகற்ப மலேசியாவில் அதுதான் உயரம் என்றாலும் 2,187 மீட்டர்தான். ஆனால் கோலா தஹானிலிருந்து பழைய பாதையில் ஏறி இறங்க ஏழு நாள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மேராப்போ பக்கமிருந்து ஏறினால் மூன்று, நான்கு நாளில் முடியும். உயரத்தைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்பவர்கள் ஈரத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள். மழைக்காட்டில் ஆளைக் களைக்க வைப்பதும், நடையைத் தாமதமாக்குவதும், சில சமயம் அக்கரையிலேயே நிறுத்திவைப்பதும் ஈரம்தான்.

முதலில் வியர்வை. வெயில் ஊரில் வியர்வை காய்வதால் உடல் குளிரும். இந்தக் காட்டுக்குள் காற்றே நீரைச் சுமந்து நிற்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடம்பு குளிராது, நீரும் உப்பும் மட்டும் போகும். நிழலில்தானே நடக்கிறோம் என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்கள் மதியத்துக்குள் தலைவலியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் சரியல்ல. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நாலைந்து பையில் இருக்கட்டும். ஆற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி தெளிந்த நீரிலும் இருக்கும்.

அடுத்தது தரை. 13 கோடி ஆண்டுப் பழைய காடு என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் பெருமையடிக்கும். அந்தப் பழமைக்கு ஒரு விலை இருக்கிறது. காலங்காலமாகப் பெய்த மழை மண்ணின் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருக்கும் சத்து, உதிர்ந்த இலை மட்கும் மேல்தோலில்தான் கிடைக்கிறது. அதனால் பெரிய மரங்கள்கூட வேரை ஆழத்துக்கு அனுப்பாமல் பக்கவாட்டில் பரப்புகின்றன. விழாமல் நிற்க அடியில் பலகை வேர்களை விரிக்கின்றன. பாதை முழுக்க வேர், வேரின் மேல் பாசி, பாசியின் மேல் நேற்றைய மழை. சரிவில் கால் வழுக்கும்போது கை தானாகப் பக்கத்துச் செடியைப் பிடிக்கும். அது பெரும்பாலும் பிரம்பாக இருக்கும், அதன் முள் கொக்கி போல் வளைந்திருக்கும். பிடிக்கும் முன் பாருங்கள். பாரம் சுமந்து ஏற்றத்தில் போகிறவர்கள் மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம் இருக்காது.

காலணி விஷயத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. தண்ணீர் புகாதது என்று விற்கும் விலையுயர்ந்த பூட்ஸ் இங்கே உதவாது. மேல்வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். உள்ளூர் வழிகாட்டிகளின் காலைப் பாருங்கள்: முழுக்க ரப்பரில் வார்த்த, அடியில் குமிழ்கள் உள்ள மலிவுச் சப்பாத்து. 'அடிடாஸ் கம்போங்' என்று கேலியாகப் பெயர். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பால்மரக் காடுகளில் வேலை செய்தவர்களின் காலணி இது. தண்ணீரை உறிஞ்சாது, கவிழ்த்துக் கொட்டிவிட்டு நடக்கலாம், சேற்றை நன்றாகப் பற்றும்.

அட்டையைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. இங்கே இரண்டு வகை: தரையில் ஊரும் பழுப்பு அட்டை கடிப்பது தெரியவே தெரியாது, இலை நுனியில் காத்திருக்கும் வரி அட்டை சுருக்கென்று கடிக்கும். உறையாமல் இருக்க இரத்தத்தில் எதையோ கலந்துவிடுவதால், அட்டை விழுந்த பிறகும் சில மணி நேரம் இரத்தம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை. தீயால் சுடுவதும் உப்பைக் கொட்டுவதும் வேண்டாம், குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிடும். மெலிந்த முனைதான் வாய்ப்பக்கம். அங்கே நகத்தை நுழைத்து நெம்பினால் கழன்றுவிடும். பிறகு கழுவிக் கட்டுங்கள். முழங்கால் வரை வரும் நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை போட்டால் பாதித் தொல்லை தீரும்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஆற்றுக்கு. தஹான் மலைக்குப் போகும் பழைய பாதை அதே பெயருள்ள ஆற்றைப் பலமுறை கடக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு ஏறும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தெளிந்த நீர் தே தாரிக் எனும் பால் தேநீரின் நிறத்துக்கு மாறினாலோ, இலையும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ கரையேறிவிடுங்கள். கடக்கத்தான் வேண்டும் என்றால் பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், தடுமாறினால் பையை உதறிவிடலாம். ஐயமிருந்தால் காத்திருப்பதே மேல். ஏறிய வேகத்திலேயே வடியவும் செய்யும். மணல் திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே கூடாரம் வேண்டாம். காய்ந்த கிளை தலைக்குமேல் தொங்கும் இடத்திலும் வேண்டாம். இலைக்கூரையைத் தாண்டித் தரைக்கு வருவது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வெளிச்சம்தான் என்பதால், ஊருக்கு முன்பே காட்டுக்குள் இருட்டிவிடும். நான்கு மணிக்கெல்லாம் நடையை நிறுத்துவது நல்லது.

தஹான் மலை ஏற அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை அந்தப் பக்கமே நினைக்க வேண்டாம்.

இவ்வளவு தூரம் போகாமல் காட்டின் ருசி மட்டும் பார்க்க விரும்புகிறவர்கள் 'பும்புன்' ஒன்றில் ஓர் இரவு தங்கலாம். விலங்குகள் உப்பு மண் நக்க வரும் இடத்தைப் பார்த்தபடி கட்டிய மரக் குடில் அது. புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கொடுத்துவைத்திருந்தால் ஒரு தாபிரோ மானோ வரும். சாப்பாட்டுப் பையை மட்டும் கயிற்றில் உயரக் கட்டித் தொங்கவிடுங்கள்; எது வந்தாலும் வராவிட்டாலும் எலி வரும்.