போதை வழக்கில் ரத்தம் எப்படிச் சாட்சி சொல்கிறது?

2024 மே 19 அதிகாலை. புனேயின் கல்யாணி நகரில் போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டவன் 17 வயதுச் சிறுவன். சசூன் அரசு மருத்துவமனையில் எடுத்த ரத்தத்தில் மது இல்லை என்று அறிக்கை வந்தது. போலீஸார் வேறொரு மருத்துவமனையில் எடுத்த மாதிரியோடு அதை டி.என்.ஏ. மூலம் ஒப்பிட்டபோது இரண்டும் ஒருவருடையவை அல்ல என்று தெரிந்தது. முதல் குப்பியில் இருந்தது சிறுவனின் தாயின் ரத்தம் என்பது போலீஸாரின் குற்றச்சாட்டு. மருத்துவர்களும் கைதானார்கள்.

போதையில் வண்டி ஓட்டிய வழக்கில் ஆய்வக அறிக்கையின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. நரம்பிலிருந்து ஆய்வக மேசைவரை அந்த ரத்தம் வந்த வழியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சட்டம் சொல்லும் அளவு தெளிவானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் மது 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். முதல் முறை சிக்கினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வாடை அடித்தது, நடை தள்ளாடியது என்று சொல்வதை மட்டும் நம்பி ஒருவர் குடித்திருந்தார் என முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. நியாயமான காரணம் இல்லாமல் ஊதவோ ரத்தம் தரவோ மறுத்தால், அந்த மறுப்பையே நீதிமன்றம் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

சாலையில் ஊதச் சொல்லும் கருவி ரத்தத்தைத் தொடுவதில்லை. 2,100 மில்லி மூச்சில் இருக்கும் மது 1 மில்லி ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்ற பொதுக் கணக்கில்தான் அது எண்ணைக் காட்டுகிறது. மது கலந்த மவுத்வாஷால் அப்போதுதான் வாய் கொப்பளித்திருந்தாலும் எண் எகிறும். சுமார் 15 நிமிடம் பொறுத்து ஊதச் சொல்வது அதனால்தான்.

ரத்தத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஊசி போடுமுன் வழக்கமாகத் தடவும் ஸ்பிரிட்டை இங்கே தடவக் கூடாது, அதுவே மதுதான். குப்பியில் சோடியம் ஃபுளோரைடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் ரத்தத்தின் சர்க்கரையைப் புளிக்கவைத்து, குடிக்காதவர் ரத்தத்திலும் மதுவை உண்டாக்கிவிடலாம். மூடி சரியாக இல்லையென்றால் இருக்கிற மதுவும் ஆவியாகும். ஆய்வகத்தில் குப்பியைச் சூடாக்கி, ரத்தத்துக்கு மேலே நிற்கும் ஆவியை கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்தி அளக்கிறார்கள். அளவுமுறை நம்பகமானதுதான். ஆனால் சீல் உடைந்த குப்பியின் கதையை எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

நடிகர் சல்மான் கான் வழக்கு இதற்கு உதாரணம். 2002 செப்டம்பரில் மும்பை பாந்த்ராவில் நடந்த அந்த விபத்தில் ஒருவர் இறந்தார். ரத்தத்தில் 62 மில்லிகிராம் மது என்றது அறிக்கை. அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு. கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 2015 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பில் அது கண்ட குறைகளில், ரத்த மாதிரியை எடுத்ததிலும் பாதுகாத்ததிலும் இருந்த ஓட்டைகளும் அடக்கம்.

நேரமும் சாட்சியை அழிக்கும். உடல் மணிக்கு, 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் மதுவை அகற்றுகிறது. விபத்தின்போது 90 இருந்தவருக்கு 4 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் 30-தான் காட்டும். சட்டத்தின் கண்ணில் அவர் வரம்புக்குள் வந்துவிடுகிறார். பின்னோக்கிக் கணக்குப் போடலாம் என்றாலும், மது கரையும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும்; கடைசி மிடறை எப்போது குடித்தார் என்பது தெரியாவிட்டால் கணக்கே தடுமாறும். 185-வது பிரிவில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்று 202-வது பிரிவு கறாராகச் சொல்வதை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் சார்பிலும் தவறாகச் சிக்கியவர் சார்பிலும் நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

அந்தக் கெடு காகிதத்தோடு நின்றுவிடாமல் இருக்க, இரவுப் பணி மருத்துவருக்கு ஃபுளோரைடு குப்பியும் சீல் வைக்கும் அரக்கும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எடுத்த நேரம், எடுத்தவர், வாங்கிச் சென்ற காவலர், அவர் ஒப்படைத்த இடம் எல்லாம் கையெழுத்தோடு அந்தந்த நிமிடமே பதிவாக வேண்டும்.