சைக்கிளில் வந்த மூளைகள்

குருமாவுக்குக் கசகசா அரைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, சுட்டிகளே? மணல்போலப் பொடிப்பொடியாக இருக்குமே, அதுதான். அது ஒரு செடியின் விதை.

மாங்காயைக் காம்பிலிருந்து பறித்தால் பால் வடியும் அல்லவா? அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினாலும் அப்படித்தான், வெள்ளையாகப் பால் வடியும். காய்ந்தால் அதுதான் அபின். அபினிலிருந்து எடுப்பது மார்ஃபின் என்ற மருந்து. (பயப்படாதீர்கள், குருமாவைத் தாராளமாகச் சாப்பிடலாம்!)

பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி குறைய டாக்டர்கள் மார்ஃபின் கொடுப்பார்கள். ஆனால் பொல்லாத மருந்து அது. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு.

வலி எப்படிக் குறைகிறது? நம் நரம்பு செல்களின் மேல் பூட்டு மாதிரி சில புரதங்கள் இருக்கின்றன. ஏற்பிகள் என்பார்கள். மார்ஃபின் சாவிபோல அவற்றில் நுழைந்து திருகும். உடனே வலிச் செய்தி சொல்லும் செல் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். 1973இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் இந்தப் பூட்டு மூளையில் இருப்பதைக் காட்டினார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஏதாவது இடிக்கிறதா?

எங்கோ வயலில் வளரும் செடியின் சாவிக்கு, நம் தலைக்குள் எதற்குப் பூட்டு? அடுத்த ஊர்க்காரர் சாவிக்காக யாராவது தன் வீட்டில் பூட்டு மாட்டுவார்களா? சபாஷ், சரியாகப் பிடித்துவிட்டீர்கள்! நம் உடம்பே ஒரு சாவி செய்துகொண்டிருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் என்ற தாத்தா இதையே யோசித்துக்கொண்டிருந்தார். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வந்தவர். 70 வயதில் பல்கலைக்கழக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஈஸிசேரில் சாயாமல் புதிதாக ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார்! அவரோடு சேர்ந்தவர் ஜான் ஹ்யூஸ் என்ற இளைஞர்.

ஹ்யூஸ் விடிகாலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு இறைச்சிக்கூடத்துக்குப் போவார். பன்றி மூளைகளை வாங்கிவருவார். அரைப்பார், வடிகட்டுவார், சாறு எடுப்பார். சரி, அந்தச் சாற்றில் சாவி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கினிப் பன்றியின் சிறுகுடல் துண்டு ஒன்றை உப்புக் கரைசலில் தொங்கவிட்டார்கள். (பெயரில்தான் பன்றி, பார்க்க முயல்குட்டி மாதிரி இருக்கும்.) லேசாக மின்சாரம் கொடுத்தால் குடல் சுருங்கும். சுருங்கும்போதெல்லாம் ஒரு பேனா காகிதத்தில் கோடு இழுக்கும். வெடுக், வெடுக், வெடுக். மார்ஃபின் கொஞ்சம் விட்டால் கோடு குட்டையாகிவிடும். ஏனென்றால் குடலிலும் அதே பூட்டு உண்டு. மார்ஃபின் எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் வருவது இதனால்தான். சிரிக்காதீர்கள்!

இப்போது மூளைச் சாறு. கோடு குட்டையானது!

துள்ளிக் குதித்துவிடலாமா? கூடாது. சாற்றில் எத்தனையோ பொருள்கள் இருக்கும். வேறு ஏதாவது குடலைச் சோம்பலாக்கியிருந்தால்?

நலாக்சோன் என்றொரு மருந்து இருக்கிறது. அது ஒரு குறும்புச் சாவி. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திருகாது. நல்ல சாவியையும் உள்ளே விடாது. மியூசிக்கல் சேரில் இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காத பையன் மாதிரி! அதைக் கொஞ்சம் விட்டார்கள். குட்டைக் கோடு மறுபடி நெட்டையானது. அப்படியானால் சாறு வேலை செய்தது அதே பூட்டின் வழியாகத்தான்! புரிகிறதா? இல்லையென்றால் இன்னொரு முறை படியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

1975 டிசம்பரில் அந்தச் சாவியின் அமைப்பு வெளியானது. என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் ‘தலைக்குள்’ என்று பொருள். அமினோ அமிலங்கள் என்ற மணிகள் ஐந்தே ஐந்து கோத்த குட்டிச் சரம் அது. நரம்பு செல்கள் சேதி சொல்ல அனுப்பும் இத்தகைய சரங்களை நியூரோபெப்டைடுகள் என்கிறார்கள். என்கெஃபலினில் இரண்டு வகை கிடைத்தன. முதல் நான்கு மணிகள் இரண்டிலும் ஒன்றே, கடைசி மணி மட்டும் வேறு.

அப்படியானால் இதையே மாத்திரையாக்கி விழுங்கலாமே என்கிறீர்களா? நல்ல கேள்வி! பருப்பைச் செரிப்பதுபோல வயிறு அதையும் செரித்துவிடும். ஊசியாகப் போட்டாலும் ரத்தத்தில் உள்ள என்சைம்கள், மாஞ்சா நூல் பட்டத்தை அறுப்பதுபோல, சீக்கிரமே அறுத்துவிடும்.

ஒன்று பாக்கி. செடி செய்த சாவியும் மூளை செய்த சாவியும் எப்படி ஒரே பூட்டில் பொருந்தின? என்கெஃபலின் சரத்தின் முதல் மணிக்கு டைரோசின் என்று பெயர். மார்ஃபினின் ஒரு முனையைப் பார்த்தால் அச்சு அசல் அதே சாயல். சும்மா இல்லை, அந்தச் செடி மார்ஃபினைத் தயாரிப்பதே டைரோசினிலிருந்துதான். நீங்கள் சாப்பிட்ட பருப்பிலும் முட்டையிலும்கூட டைரோசின் இருக்கிறது.