கோழிக்கால் மேல் ஒரு குடிசை

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வரும் சூனியக் கிழவி பாபா யாகா. காட்டுக்குள் இருக்கும் அவளது குடிசை கோழிக்கால்களின் மேல் நிற்கும். திரும்பச் சொன்னால் திரும்பும்!

அதை லெகோ கட்டைகளால் பிள்ளைகளுடன் அமைத்துப் பார்க்கலாம். முதலில், முன்னும் பின்னும் விரல் நீட்டிய அகலமான பாதம். அடுத்து, செங்கல் சுவர்போல் இணைப்புகள் மாறிமாறி வரும் கால். பிறகு, பாதங்களுக்கு நேர்மேலே, உட்புறம் காலியான வீடு. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958இல் வகுத்த பிடிப்பளவு இன்றும் மாறவில்லை. ஆகவே வீட்டில் கிடக்கும் பழைய கட்டைகளும் பொருந்தும்.

ஆனால் கட்டை எவ்வளவு தரமானாலும், பாதம் சிறுத்து மேல்பாரம் பெருத்தால் குடிசை கவிழும். கைமுதல் சிறுத்துக் கடன் சரக்கு பெருத்த கடையும் அப்படியே. முதலில் பாதத்தை அகலப்படுத்துவோம்!