விசையுந்து பிரேக் செயலிழப்பு (நீண்டகால நிறுத்தம்)

நீண்ட காலம் ஓட்டப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்ட விசையுந்தில் (மோட்டார் சைக்கிள்) பிரேக் சரிவர இயங்காமற் போவது பரவலாகக் காணப்படும் பழுது ஆகும். குளிர்நாடுகளில் இது பனிக்கால நிறுத்தத்துக்குப் பின் தோன்றுகிறது. கோயம்புத்தூர் உள்ளிட்ட கொங்கு நாட்டில் பனிக்கால நிறுத்தம் வழக்கத்தில் இல்லை. எனினும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை, வெளியூர் வாசம் போன்ற காரணங்களால் வண்டிகள் மாதக்கணக்கில் நிற்பதுண்டு. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கின்போதும் இந்நிலை ஏற்பட்டது.

காரணங்கள்

டிரம் பிரேக்கில் ஈரத்தால் டிரம்மின் உட்புறம் துருப்பிடித்து, பிரேக் ஷூ அதனுடன் ஒட்டிக்கொள்ளும். ஷூவை விரிக்கும் கேம் தண்டும் இறுகிவிடும்.

டிஸ்க் பிரேக் பாஸ்கலின் விதிப்படி இயங்குகிறது. கைப்பிடியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம், திரவத்தின் வழியே காலிப்பரிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. டாட் 3, டாட் 4 வகைத் திரவங்கள் கிளைக்கால் சார்ந்தவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. இந்த ஈரம் பிஸ்டனை அரித்து இறுகச் செய்வதுடன், திரவத்தின் கொதிநிலையையும் குறைக்கிறது. டாட் 4 தர வரையறையின்படி குறைந்தபட்சக் கொதிநிலை, புதிய திரவத்துக்கு 230 பாகை செல்சியசு. ஈரம் ஏறிய திரவத்துக்கு 155 பாகை மட்டுமே.

மலைச்சாலையில் ஆபத்து

உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஓட்டுநருடன் 200 கிலோகிராம் எடையுள்ள வண்டி இந்த 1,900 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 37 இலட்சம் சூல் நிலையாற்றலை இழக்கிறது. இதில் எஞ்சினும் காற்றுத் தடையும் ஏற்காத பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறும். அவ்வெப்பத்தால் ஈரமேறிய திரவம் கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். ஆவி எளிதில் சுருங்குவதால் கைப்பிடி முழுவதும் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. சமதளத்தில் நன்றாக இயங்கிய பிரேக், 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையில் கைவிடக்கூடும். ஆகவே இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்வது பிரேக்கின் சுமையைக் குறைக்கும்.

சரிசெய்யும் முறை

டிரம் பிரேக்: வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஒட்டிய ஷூ பெரும்பாலும் விடுபடும். பின்னர் சக்கரத்தைக் கழற்றி, உப்புத்தாளால் துருவை நீக்க வேண்டும். கேம் தண்டுக்குச் சிறிதளவு கிரீசு இடலாம். ஷூவின் உராய்வுப் பரப்பில் அது படக்கூடாது. தூசியை ஊதக்கூடாது, பழைய ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும்.

டிஸ்க் பிரேக்: காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனின் வெளிப்பகுதியைத் தூய்மை செய்த பின்னரே அதை உள்ளே தள்ள வேண்டும். அரித்த பிஸ்டனையும் கெட்ட ரப்பர் சீல்களையும் மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல், கனிம எண்ணெய் ஆகியவை ரப்பரை உப்பச் செய்வதால் சீல்களில் படக்கூடாது.

திரவம் மாற்றுதல் ("ஏர் எடுத்தல்"):

1. கலத்தின் மூடியில் குறிக்கப்பட்ட வகைத் திரவத்தை, புதிதாகத் திறந்த குப்பியிலிருந்து ஊற்ற வேண்டும். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ மற்றவற்றுடன் கலக்கக்கூடாது.
2. காலிப்பரின் நிப்பிளில் குழாயைப் பொருத்தி, கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளைத் தளர்த்த வேண்டும்.
3. நிப்பிளை இறுக்கிய பிறகே கைப்பிடியை விட வேண்டும். குமிழிகள் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.
4. கலத்தில் திரவம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மீண்டும் காற்று புகுந்துவிடும்.

சிந்தும் திரவம் வண்ணப்பூச்சை அரிக்கும். உடனே நீரால் கழுவ வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. இவ்வமைப்புள்ள சில வண்டிகளில் காற்றை முழுமையாக நீக்கத் தனிக் கருவி தேவைப்படும்.

சோதனையும் தடுப்பும்

பழுது நீக்கிய பின் கைப்பிடி உறுதியாக நிற்கிறதா, சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா எனப் பார்த்து, சமதளத்தில் நடை வேகத்தில் சோதிக்க வேண்டும். வண்டியை உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துவதும், அவ்வப்போது சிறிது தூரம் ஓட்டுவதும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவதும் இப்பழுதைப் பெரிதும் தவிர்க்கும்.