போடாத சாலை

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகர வரைபடம் மெதுவடை மாதிரி இருக்கும். உள்ளே ஒரு ஓட்டை. அந்த ஓட்டையின் பெயர் பீட்மாண்ட். பரப்பு 1.7 சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் 11,270 பேர். நாலு பக்கமும் ஓக்லாந்துதான். ஆனால் நகர மன்றம் தனி, போலீஸ் தனி, தீயணைப்பு தனி, பள்ளி நிர்வாகமும் தனி.

கந்தக ஊற்றும் அதை நம்பிய ஒரு ஹோட்டலுமாக இருந்த மலைச்சரிவு இது. ஹோட்டல் 1892இல் எரிந்துபோனது. 1906இல் சான் ஃபிரான்சிஸ்கோ பூகம்பத்திலும் தீயிலும் அழிந்தபோது, வசதியுள்ளவர்கள் வளைகுடாவைத் தாண்டி வந்து இங்கே மாளிகை கட்டினார்கள். ஓக்லாந்து தங்களை விழுங்கிவிடும் என்ற பயத்தில் மறு வருடமே தனி நகரமாகிவிட்டார்கள். 1920களில் இதற்கு ‘கோடீஸ்வரர்களின் நகரம்’ என்றே பெயர்.

மன்றத்தில் ஐந்தே பேர். சம்பளம் கிடையாது. மேயரை அவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க, ஏதோ குடியிருப்போர் நலச் சங்கம் போல அப்பிராணியாகத் தெரியும். ஆனால் நகரம் என்று பதிவாகிவிட்டால் போலீஸ் கையில் வரும், நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரமும் வரும். அந்த அதிகாரம் எதற்குப் பயன்பட்டது என்பதற்கு வைல்ட்வுட் அவென்யூவில் இருந்த ஒரு வீடே சாட்சி.

1924 தொடக்கத்தில் அந்த வீட்டுக்குக் குடிவந்தார் சிட்னி டியரிங். ஓக்லாந்தில் ‘க்ரியோல் கஃபே’ என்ற ஜாஸ் விடுதியை நடத்திய கறுப்பினத்தவர். கறுப்பர்களுக்குப் பீட்மாண்டில் யாரும் நேரடியாக வீடு விற்க மாட்டார்கள். மாமியார் மூலமாகத்தான் வாங்க முடிந்தது. பீட்மாண்டில் வீடு வாங்கிய முதல் கறுப்பினக் குடும்பம் அவருடையது. மே மாதம் ஒரு நாள் சுமார் 500 பேர் வீட்டைச் சூழ்ந்து நின்றார்கள். உள்ளே மனைவியும் சின்னக் குழந்தைகளும். பின்னர் வீட்டைக் குறிவைத்து வெடிகுண்டுகளும் வைக்கப்பட்டன. உள்ளூர் போலீஸ் பாதுகாப்புத் தரவில்லை. எப்படித் தரும்? போலீஸ் தலைவர் பர்ட்டன் பெக்கரே கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் உறுப்பினர்.

கூட்டத்துக்கும் குண்டுக்கும் டியரிங் மசியவில்லை. அவரை அசைத்தது ஒரு சட்டக் காகிதம். ‘சாலை போட வேண்டும், உங்கள் வீட்டு நிலம் தேவை’ என்று நகர மன்றம் கையகப்படுத்தும் வழக்கைத் தொடங்கியது. ‘பொது நோக்கம்’ என்ற சொல் எவ்வளவு வசதியானது பாருங்கள். கடைசியில் வீட்டை நகரத்துக்கே விற்றுவிட்டுக் குடும்பம் வெளியேறியது. நகரம் அதை வேறு ஒருவருக்கு விற்றது. சாலை மட்டும் போடப்படவே இல்லை.

பெக்கருக்கு இதனால் ஒரு நஷ்டமும் வரவில்லை. 1926இல் அலமேடா கவுண்டியின் ஷெரிஃப் பதவிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு லஞ்ச வழக்கில் மாட்டிச் சிறைக்குப் போனார். அவரைச் சிறைக்கு அனுப்பிய மாவட்ட அரசு வழக்கறிஞர் ஏர்ல் வாரன்; 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக, பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பளித்தவர்.

பல பத்தாண்டுகள் ஊர் டியரிங்கின் கதையைப் பேசவில்லை. முன்னாள் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்நமாரா படித்த பள்ளி என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பள்ளியில் 1963இல் தொடங்கிய, பறவைபோலக் குரலெழுப்பும் போட்டியைப் பற்றியும் சொல்வார்கள். டியரிங் பெயர் வராது. அவருக்கு நினைவிடம் அமைப்பதென நகர மன்றம் முடிவெடுத்தது அண்மையில்தான்.

இன்றைக்கு நோட்டீஸ் அனுப்பி யாரையும் துரத்த வேண்டியதில்லை. மனை விலையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. நில வகைப்பாட்டை மாற்ற ஊர் வாக்கெடுப்பு வேண்டும் என்று நகர சாசனத்திலும் ஒரு பிரிவு உண்டு. இந்த நிலையில்தான், 2023 முதல் 2031க்குள் 587 வீடுகளுக்கு இடம் ஒதுக்கிக் காட்டச் சொல்லி மாநிலத்தின் உத்தரவு வந்தது. காலி மனை எங்கே இருக்கிறது? தேடித் தேடி மொராகா பள்ளத்தாக்குக்கு வந்து நின்றார்கள். நகரத்தின் பராமரிப்பு வண்டிகளை நிறுத்தும் யார்டு அங்கேதான் இருக்கிறது.