காலிக் கோட்டை: விற்ற வீட்டில் ஒரு தேநீர்

கல்கிசையில் புகையிரதம் ஏறினால் கடலைப் பார்த்தபடியே காலி வரை போய்ச் சேரலாம். 1894ஆம் ஆண்டு காலியைத் தொட்ட பாதை அது. கடந்த மாதம் நான் அந்தப் பாதையில் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. காலிக் கோட்டைக்குள் இருக்கும் என் தாய்மாமாவின் பிள்ளைகள் அழைத்திருந்தார்கள். மாமா மௌத்தாகி இரண்டு வருடம். மாமி அதற்கு முன்பே போய்விட்டார். "மச்சான், வாப்பாவின் வீட்டை விற்பதா, வைத்திருப்பதா? நீங்கள் வியாபாரம் பற்றி எழுதுகிறவர். வந்து ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றார் மூத்தவர்.

முடிவு சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்ற கேள்வியோடுதான் போனேன். காரணம், அதே கோட்டைக்குள் பெட்லர் வீதியில் இருந்த எங்கள் மூத்தவாப்பாவின் வீட்டை 2003இல் விற்றவர்களில் என் உம்மாவும் ஒருவர். "விற்றுவிடுங்கள் உம்மா" என்று சொன்னவன் நான்.

இந்த ஊரின் வியாபாரக் கதை நமக்கு அந்நியமானதல்ல. 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, கப்பல் தலைவர் இப்ராஹீம் என்ற முஸ்லிம் தம்மை உபசரித்ததை எழுதி வைத்திருக்கிறார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்த கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்லை இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்க்கலாம். துறைமுகத்துக்கு வந்துபோனவர்கள் யார் யார் என்பதற்கு அந்த மூன்று மொழிகளே சாட்சி.

1588இல் போர்த்துக்கேயர் கோட்டை அமைத்தார்கள். 1640இல் ஒல்லாந்தர் பிடித்து மதிலைப் பெரிதாக்கினார்கள். பெட்லர் வீதிக்கு அவர்கள் வைத்த பெயரே சோனகச் சில்லறை வியாபாரிகளைக் குறிப்பதுதான். ஆங்கிலேயர் காலத்தில் நீராவிக் கப்பல்கள் காலியில் தரித்தன. பயணிகள் கரையிறங்கும் சில மணி நேரத்துக்குள் மாணிக்கக்கல்லும் நகையும் ரேந்தையும் விற்று வாழ்ந்த குடும்பங்கள் பல. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

பிறகு என்ன நடந்தது? கொழும்பில் 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதடுப்பு அணை 1885இல் முடிந்தது. கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. வாடிக்கையாளர் போனதும் கோட்டை தூங்கிப்போனது. பிள்ளைகள் கொழும்புக்குப் பிழைக்க வந்தார்கள். வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் காலியைப் பூர்வீகமாகச் சொல்பவர்களை இன்றும் காணலாம்.

1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமையாக அறிவித்தது. வெளிநாட்டவர் காணி வாங்கும்போது இருந்த 100 வீத வரி 2002இல் நீக்கப்பட்டு 2004இல் மீண்டும் வந்தது. அந்த இடைவெளியில் கோட்டைக்குள் தரகர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஓடு ஒழுகும் பழைய வீட்டுக்கு இத்தனை விலையா என்று எங்களுக்கு ஆச்சரியம். கையெழுத்து வைத்தோம். பங்கு பிரித்தோம். ஒருவர் வேன் வாங்கினார். ஒருவர் மகளுக்குக் கல்யாணம் செய்தார். உம்மாவின் பங்கில் நான் வெள்ளவத்தையில் ஒரு கடை போட்டேன். நான்கு வருடத்தில் அதை மூடினேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கோட்டைக்கு வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நாசமாயின. உள்ளே இருந்த வீடுகளை மதில் காப்பாற்றியது. ஆனால் உறுதி கைமாறுவதை எந்த மதிலும் தடுக்கவில்லை.

வெளிச்சவீட்டுக்கு எதிரே உள்ள மீரான் ஜும்ஆப் பள்ளியில் ளுஹர் தொழுதுவிட்டு, மச்சானோடு எங்கள் பழைய வீட்டுக்குப் போனேன். இப்போது அது ஹோட்டல். முன் மண்டபத்தில் தேநீர் குடித்தோம். உம்மா பிறந்த அறையின் கதவில் ஓர் இலக்கம் தொங்கியது. அங்கே ஓர் இரவு தங்குவதற்கான கட்டணத்தைக் கேட்டேன். டொலரில் சொன்னார்கள். பிறகு நான் பேசவில்லை.

அஸருக்குப் பின் மாமா வீட்டு முற்றத்தில் கூடினோம். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். இளையவருக்குப் புறக்கோட்டைக் கடைக்கு முதல் தேவை. "பழைய வீடு காசு தின்னும் மச்சான். உப்புக் காற்றில் மரம் உழுத்துப்போகிறது. ஓர் ஓடு மாற்றவும் அனுமதி வேண்டும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை.

நான் மூன்று விடயங்களைச் சொன்னேன். முதலாவது, 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. ரூபாவாக வைத்திருந்தவர்களின் சேமிப்பு கரைந்தது. டொலரில் செலவழிக்கும் விருந்தினர் வரும் வீட்டை வைத்திருப்பவருக்கு அந்த நட்டம் குறைவு.

இரண்டாவது, விற்காமலேயே முதல் எடுக்கலாம். 2014ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியை உரித்தாக விற்பதற்குத் தடை விதித்தது. குத்தகைக்கு வழி விட்டது. தொண்ணூற்றொன்பது வருடம் எழுதினால் அது விற்பதற்குச் சமம். ஐந்து வருடம், பத்து வருடம் என்று எழுதுங்கள். திருத்த வேலையைக் குத்தகைக்காரர் பொறுப்பில் போடுங்கள். முற்பணத்தில் இளையவர் தன் கடையைப் பார்க்கட்டும். அதை அவருடைய பங்கில் கழித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கணக்கு எழுத்தில் இருக்கட்டும். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்றால் மொத்தம் எட்டுப் பங்கு. உதாரணமாக, செலவு போக மாதம் நான்கு இலட்சம் வந்தால் ஆண் ஒருவருக்கு ஒரு இலட்சம், பெண் ஒருவருக்கு ஐம்பதாயிரம். சகோதரிகளின் பங்கு மாதாமாதம் அவர்கள் கணக்குக்கே போக வேண்டும். கூட்டுச் சொத்து உடைவது பெரும்பாலும் விலையால் அல்ல, கணக்குக் காட்டாததால்தான்.

இத்தாலியின் வெனிஸ் நகரைச் சொல்லி முடித்தேன். 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த அந்தப் பழைய கடல் நகரத்தில் 2022இல் 50,000 பேர்கூட இல்லை. வீடுகள் உல்லாசப் பயணிகளின் தங்குமிடங்களாகிவிட்டன. அங்கே ஊர் இருக்கிறது, ஊரவர் குறைந்துவிட்டார்கள். நமது கோட்டைப் பள்ளியில் ஸப்பு நிறைய வேண்டுமென்றால் பக்கத்து வீடுகளில் ஆட்கள் இருக்க வேண்டும்.

இளையவர் ஒன்றும் சொல்லவில்லை. மூத்த மச்சி மட்டும், "எங்கள் பங்கைப் பற்றி இதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை காக்கா" என்றார். சட்டத்தரணியிடம் குத்தகை நிபந்தனைகளைக் கேட்டுவிட்டு மீண்டும் கூடுவதாகத் தீர்மானம். முடிவு அவர்களுடையது.

வாசகர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பழைய உறுதி கிடக்கலாம். தரகர் கதவைத் தட்டும் முன் அதை எடுத்துப் பாருங்கள். பங்காளிகள் எல்லோரையும், பெண்களையும் சேர்த்து, ஒரு நாள் உட்கார வையுங்கள். 2003இல் நாங்கள் செய்யாதது அது ஒன்றுதான்.