நடுவர் நிற்க வேண்டிய இடம்

கோலார் தங்கவயலில் ஆங்கிலக் கம்பெனியார் 1880இல் சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர் பலர் அங்கே குடியேறினர். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. இன்று சாம்பியன் ரீப்ஸிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுவோர் பலர். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஒரு பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைக் குலைப்பது பெரும்பாலும் ஒரே வழக்குத்தான்: ரன் அவுட்டா, இல்லையா?

நடுவர் ஒருபக்கம் சாய்ந்துவிட்டார் என்று நாம் சினக்கிறோம். ஆனால், பல சமயங்களில் குறை அவருடைய நேர்மையில் இல்லை. அவர் நின்ற இடத்தில்தான் இருக்கிறது. ஓடுபவரின் பின்னால் நிற்பவருக்கு, மட்டையும் கோடும் ஒட்டியிருப்பதாகவே தோன்றும். கோட்டின் நேரே பக்கவாட்டில் நிற்பவருக்கோ, விரற்கடை இடைவெளியும் தெளிவாகப் புலப்படும். ஆகவேதான் பந்து வீசும் முனையிலுள்ள நடுவர், ஓட்டம் தொடங்கியவுடன், பெரும்பாலும் பந்து சென்ற பக்கமாகவே விரைந்து ஒதுங்கிக் கோட்டுக்கு நேராக நிற்கிறார்.

1992 நவம்பரில், டர்பன் நகரில் ஜான்டி ரோட்ஸ் எறிந்த பந்தினால் ஏற்பட்ட ரன் அவுட்டை நடுவர் சிரில் மிட்ச்லி தாமே முடிவு செய்யாமல், தொலைக்காட்சிப் படத்தைப் பார்க்கும் மூன்றாம் நடுவரிடம் விட்டார். அவ்வாறு ஆட்டமிழந்த முதல்வர் சச்சின் டெண்டுல்கர். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்க முடிந்தது ஒரு துணை. கேமரா கோட்டுக்கு நேராக நின்றது மற்றொரு துணை.

1887இல் சிகாகோ நகரில் பிறந்த சாப்ட்பால் ஆட்டத்திலும் இதுவே நியதி. அதில் அறுபதடிக்கு ஒரு தளமாக நான்கு தளங்களைச் சுற்றி ஓட வேண்டும். இரு நடுவர் இருப்பின், ஒருவர் பந்தடிக்கும் தளத்தின் பின்னும், மற்றவர் முதல் தளத்தருகே எல்லைக் கோட்டுக்கு வெளியேயும் நிற்பர். பந்து அருகில் உருண்டால், இரண்டாமவர் உள்ளே புகுந்து, எறியப்படும் பந்தின் பாதைக்குச் செங்கோணமாக, தளத்திலிருந்து பதினைந்து முதல் பதினெட்டு அடி தள்ளி நிற்பார். கண் தளத்தையும் காலையும் நோக்கும். பந்து கையுறையில் விழும் ஓசையைச் செவி கேட்கும். இரண்டையும் கண்ணொன்றே ஒருங்கே பற்றுதல் அரிது.

ஓடுபவரைப் பந்தால் தொட்டு வெளியேற்றும் வேளையில் நடுவர் இன்னும் நெருங்குவார்; பத்துப் பன்னிரண்டு அடி போதும். கையுறைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள வெளி தெரியும் பக்கமே அவருக்கு உரிய பக்கம். முதல் தளத்திலிருந்தவர் மூன்றாம் தளம் வரை ஓடினால், பின்னால் நிற்கும் நடுவரே அங்கு விரைவார்.

இரு ஆட்டங்களிலும் நாம் கொள்ள வேண்டியவை மூன்று: அருகாமையை விடக் கோணம் முதன்மையானது, முடிவு நிகழும் கணத்தில் கால்கள் நின்றிருத்தல் வேண்டும், ஓடும் கண்ணுக்குக் காட்சி அசையும், பந்து நழுவியதா என்று பார்த்த பின்னரே கை உயரலாம்.

மட்டை பிடிக்கும் அணியிலிருந்தே ஒருவரை நடுவராக நிறுத்துவது சிற்றூர் ஆட்டங்களின் வழக்கம். அவர்மீது ஐயம் எழுவது இயல்பே. சரியான இடத்திற்கு அவர் ஓடிச் சென்று நிற்பதை எதிரணியினர் கண்டுவிட்டால், அவ்வையம் பெரிதும் குறையும். அண்டை வீட்டார் திங்கட்கிழமையும் ஒரே ரயிலில் பேசிக்கொண்டு போவர்.